ஆன்லைனில் மனநல ஆலோசனை: தில்லித் தமிழர்களுக்குக் கைகொடுக்கும் குறிப்புகள்

வேலைக்கோ படிப்புக்கோ தில்லி வந்து தங்கிவிட்டவர்களுக்கு மனக்கஷ்டம் என்று வந்தால், அதை யாரிடம் தமிழில் சொல்வது என்பதே பெரிய கேள்வி. ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் இருக்கிறது, 1946இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஆனால் அங்கே பார்க்கும் தெரிந்த முகங்களிடம் வாயைத் திறந்தால் அடுத்த வாரம் நாலு பேர் துக்கம் விசாரிப்பார்கள். சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் சைக்காலஜிஸ்ட்டிடம் வீடியோ காலில் பேசலாம் என்ற வசதி வந்தபிறகு இந்தக் கஷ்டம் பெருமளவு குறைந்திருக்கிறது. நிம்ஹான்ஸ் என்ற மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று தெரியவந்தது. அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருக்க வேண்டாம். கட்டும் பணத்துக்கும் ஒதுக்கும் நேரத்துக்கும் பலன் கிடைக்க, வீட்டில் என்னென்ன செய்துகொள்ளலாம் என்று பார்ப்போம்.

1. யார் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்த டாக்டர். தெரபி தருபவர்களில் மாத்திரை எழுத இவரால்தான் முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியே சிகிச்சை தருபவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். கவுன்சலர், கோச் என்று போட்டுக்கொள்பவர்களில் நன்றாகப் படித்த அனுபவசாலிகளும் உண்டு, சில வார ஆன்லைன் சான்றிதழோடு வந்தவர்களும் உண்டு. என்ன படிப்பு, எங்கே படித்தார், யார் மேற்பார்வையில் பயிற்சி எடுத்தார் என்று கேட்பதில் தவறே இல்லை.

2. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டின் எண்ணை மறுவாழ்வு கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். டாக்டர் என்றால் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் இருக்கும். 2020 மார்ச்சில் வந்த தொலை மருத்துவ நெறிமுறைப்படி அதை மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அவர் காட்ட வேண்டும். கேட்டதும் கோபித்துக்கொள்பவர் உங்களுக்கு வேண்டாம்.

3. தெரபி தொடங்கும் முன் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் படபடப்பு, சோர்வு, தூக்கமின்மையாக வெளிப்படும். சுத்த சைவக்காரர்களுக்கு பி12 குறைவு சகஜம். நாளைக்கு நாலைந்து டம்ளர் ஃபில்டர் காபி என்றால் அதையும் மறைக்காமல் தெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள்.

4. கோபமும் அழுகையும் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழி பேசும் தெரபிஸ்ட்டைத் தேடுங்கள். ஆபீஸ் தொல்லையை ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். மாமியார் சொன்ன ஒரு வார்த்தை ஏன் பத்து வருடமாக உறுத்துகிறது என்பதைத் தமிழில்தான் சொல்ல வரும். தில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நிலைமை வேறு. அவர்களுக்கு இந்தியில் பேசுவது எளிதாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

5. முதல் மெசேஜில் கதை முழுவதும் எழுத வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: 'வணக்கம். எனக்கு வயது 34. தில்லியில் வேலை. மூன்று மாதமாகத் தூக்கம் சரியில்லை, மெட்ரோவில் ஏறினால் படபடப்பு வருகிறது. வீட்டிலும் சண்டை. தமிழில் பேச விரும்புகிறேன். இரவு 8 மணிக்கு மேல் நேரம் கிடைக்குமா? கட்டணம் எவ்வளவு? நேரம் மாற்ற வேண்டுமானால் எத்தனை மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும்?' இதற்கு வரும் பதிலிலேயே ஆளின் அணுகுமுறை பாதி தெரிந்துவிடும்.

6. பலர் 10, 15 நிமிட அறிமுகப் பேச்சுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அதில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் மாதிரிப் பிரச்சினைகளைப் பார்த்திருக்கிறீர்களா? எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள்? பலன் தெரிகிறதா என்று எப்போது உட்கார்ந்து பார்ப்போம்?

7. பேசுவதற்கு இடம். தில்லியில் ஆன்லைன் தெரபி பாதியில் நின்றுபோவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். இரண்டு அறை வீட்டில் மாமனார் ஹாலில், குழந்தைகள் படுக்கையறையில். ஓல்ட் ராஜேந்தர் நகர், முகர்ஜி நகர் பி.ஜி.க்களில் இரண்டு படுக்கைக்கு நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். பக்கத்தில் ஒரு காது இருக்கிறது என்ற நினைப்பு இருந்தால் உண்மை வெளியே வராது. 50 நிமிடமும் வானிலை பேசியே கழியும்.

வழிகள் உண்டு. கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் ரேடியோவையோ பாட்டையோ மிதமான சத்தத்தில் ஓடவிடுங்கள். அறைக்குள் கூலர், ஃபேன் சத்தம் இருப்பதும் நல்லதே. கதவின் அடி இடைவெளியைப் பழைய துண்டால் அடைத்துவிடுங்கள். மைக் உள்ள இயர்போன் போட்டுக்கொண்டால் எதிர்ப்பக்கம் பேசுவது யாருக்கும் கேட்காது. நீங்கள் சொல்லத் தயங்கும் பெயரையோ விஷயத்தையோ சாட்டில் தட்டிவிடலாம். நிறுத்திவைத்த கார் நல்ல இடம், ஆனால் மே, ஜூன் வெயிலில் வேண்டாம். குளிர்காலத்தில் மொட்டை மாடி வெயில் சௌகரியம். பூங்காவில் நடந்துகொண்டே ஆடியோவில் மட்டும் பேசலாம். அழுகை வரும் என்று தெரிந்த நாளில் அது சரிப்படாது.

திடீரென்று யாராவது உள்ளே வந்தால் சொல்ல ஒரு வாக்கியத்தைத் தெரபிஸ்ட்டோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். 'அந்த ஃபைலை நாளைக்கு அனுப்புகிறேன்' என்று நீங்கள் சொன்னால், அவரும் பேச்சை மாற்றிவிடுவார்.

8. வைஃபை போனால் மொபைல் டேட்டா, அதுவும் போனால் சாதாரண போன் கால். இந்த வரிசையை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். கேமராவைக் கண் உயரத்தில் வையுங்கள். லேப்டாப்புக்கு அடியில் நாலு புத்தகம் போதும்.

9. குடும்பம் முழுவதும் பயன்படுத்தும் மெயிலில் தெரபி அழைப்பை வாங்காதீர்கள். காலண்டர் நினைவூட்டல் மகளின் டேபிளட்டிலும் ஹால் டிவியிலும் எட்டிப் பார்க்கும். ஜாயின்ட் அக்கவுண்டிலிருந்து யுபிஐயில் கட்டினால் ஸ்டேட்மென்ட்டில் பெயர் வரும். பெரிய ஆப்களில் சேர்வதானால், தகவலை யாரோடு பகிர்கிறார்கள் என்று படித்துவிட்டுச் சேருங்கள். பெட்டர்ஹெல்ப் என்ற அமெரிக்க நிறுவனம் வாடிக்கையாளர்களின் மனநலத் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்தது. அந்த நிறுவனம் 78 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

10. தெரபிஸ்ட் சென்னையில், நீங்கள் துவாரகாவில். உங்களுக்கு ஏதாவது ஆனால் அவரால் ஓடிவர முடியாது. அதனால் வீட்டு முகவரி, அருகிலுள்ள ஆஸ்பத்திரி, தில்லியிலேயே இருக்கும் நம்பிக்கையான ஒருவரின் எண் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்பவரே பொறுப்பான தெரபிஸ்ட். கேட்காவிட்டால் நீங்களே கொடுங்கள். வெளியூரிலிருந்து பேசும் நாளில் அதையும் முதலில் சொல்லிவிடுங்கள்.

11. நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்க வேண்டும் என்பது 2017ஆம் வருட மனநலச் சட்டம் தரும் உரிமை. இந்தச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. விதிவிலக்குகளும் உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் அவர் பிறரிடம் சொல்லலாம். குழந்தை மீது பாலியல் வன்முறை நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். செஷனைப் பதிவு செய்வதற்கு இருவர் சம்மதமும் தேவை.

12. முதல் செஷனில் எங்கே தொடங்குவது என்று திகைக்க வேண்டாம். கடைசியாக மோசமாகப் போன ஒரு நாளை, காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுத்தது வரை சொல்லுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு பேசினீர்கள், எந்த நேரத்தில் நெஞ்சு அடைத்தது. பிள்ளைப்பருவக் கதையை அவர் பிறகு கேட்டுக்கொள்வார்.

13. ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். சிபிடி என்ற முறையில் வேலை செய்பவர்கள் கட்டாயம் எழுதச் சொல்வார்கள். 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க டாக்டர் உருவாக்கிய சிகிச்சை முறை இது. பதற்றத்துக்கு நன்றாகப் பலன் தருகிறது. எழுதுவது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம்.

நடந்தது: கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அம்மா ராத்திரி 9 மணிக்குப் போன் எடுக்கவில்லை. மனதில் ஓடியது: விழுந்துவிட்டாள், பக்கத்தில் யாரும் இல்லை, நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். உடம்பில்: கை சில்லிட்டது, வயிறு கலக்கியது. பயம் 10க்கு 9. செய்தது: 14 தடவை கூப்பிட்டேன், தம்பியைத் திட்டினேன். விழுந்திருப்பாள் என்பதற்கு ஆதாரம்: போன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். எதிர் ஆதாரம்: போன வாரமும் இப்படித்தான், போனைச் சார்ஜில் போட்டுவிட்டு எதிர்வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை: 20 நிமிடம் பொறுத்து எதிர்வீட்டு மாமிக்கு ஒரு போன். இதை எழுதிய பின் பயம்: 5.

பயம் 9இலிருந்து 5க்கு வந்தாலே நல்ல பலன்தான். பூஜ்யத்துக்கு வர வேண்டியதில்லை. இப்படி வாரத்துக்கு மூன்று எழுதிக்கொண்டு போனால் செஷனில் நேரடியாக விஷயத்துக்கு வரலாம். எழுதாமல் போனால் முதல் 20 நிமிடம் 'இந்த வாரம் எப்படி இருந்தது' என்பதிலேயே ஓடிவிடும். கட்டணம் முழு நேரத்துக்கும்தான்.

14. படபடப்பு வந்த உடனே: மூச்சை நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம். ராஜீவ் சௌக்கில் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டும் செய்யலாம்.

15. காலை நடை மன அழுத்தத்துக்கு நல்லதென்று எல்லாத் தெரபிஸ்ட்டும் சொல்வார்கள். சென்னையில் இருப்பவருக்குத் தில்லியின் நவம்பர் காற்று தெரியாது. காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400ஐத் தாண்டினால் 'கடுமை'. அந்த நாட்களில் வெளியே நடக்க முடியாது என்று சொல்லி, வீட்டுக்குள் செய்யும் மாற்றைக் கேளுங்கள். பல நாள் வெயில் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடப்பதே சிலருக்கு மனதை இறக்கிவிடும், அதையும் குறிப்பிடுங்கள்.

16. தம்பதியாகப் பேசுவதென்றால் சில ஏற்பாடுகள் கூடுதலாகத் தேவை. இருவருக்கும் பொதுவான தெரபிஸ்ட் வேறு, உங்கள் தனி தெரபிஸ்ட் வேறு என்று இருப்பதே நல்லது. இரண்டு முகமும் திரையில் தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள்; ஒருவர் லேப்டாப்புக்குப் பின்னால் சாய்ந்துகொண்டு குரல் மட்டும் கொடுத்தால் அவர் முகக்குறி தெரபிஸ்ட்டுக்குத் தெரியாமல் போகும். கணவர் தில்லியில், மனைவி கோயம்புத்தூரில் என்றால் ஆளுக்கொரு திரையில் மூவரும் சேரலாம். மாற்றல் உத்தியோகக் குடும்பங்களுக்கு இது பெரிய வரம்.

ஒருவர் தனியாகச் சொன்ன ரகசியத்தை மற்றவரிடம் சொல்வாரா, மாட்டாரா என்பதை முதல் நாளே தெரபிஸ்ட்டிடம் கேட்டுவிடுங்கள். பின்னால் இதில் வரும் மனத்தாங்கல் பெரிது. செஷன் முடிந்ததும் அதே பேச்சைச் சமையலறையில் தொடர வேண்டாம். அரை மணி நேரம் ஆளுக்கொரு வேலை பாருங்கள். வீட்டில் சண்டை சூடேறினால் 'இப்போது நிறுத்துவோம், 20 நிமிடம் கழித்துப் பேசுவோம்' என்று சொல்லி எழுந்துவிடுங்கள். ஜான் காட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம்பதிகளைப் பல வருடம் கவனித்துச் சொன்ன யோசனை இது. உடம்பின் கொதிப்பு அடங்க அவ்வளவு நேரமாவது வேண்டும். ஆனால் சொன்னபடி திரும்பி வந்து பேசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள்.

ஊரிலிருக்கும் மாமியாரையும் அம்மாவையும் செஷனில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முதல் சில வாரங்கள் வேண்டாம்.

17. அடி, மிரட்டல், பணத்தைப் பிடித்து வைப்பது இருந்தால் இருவரும் சேர்ந்து உட்காரும் செஷன் கூடாது. அங்கே சொன்ன உண்மைக்கு ராத்திரி அடி விழும். தனியாக, பாதுகாப்பான போனிலிருந்து பேசுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112. 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு ஆணையும், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். இந்த நிலையிலும் 'கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்' என்று சொல்லும் தெரபிஸ்ட்டை அன்றே விட்டுவிடுங்கள்.

18. மாத்திரை தேவை என்று தெரபிஸ்ட் சொன்னால் பயப்படாதீர்கள். பெரும்பாலான மனச்சோர்வு மருந்துகள் பலன் காட்ட இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரலாம், பழைய கஷ்டமும் திரும்பலாம். போதை மருந்துச் சட்டத்துக்குள் வரும் பல தூக்க மாத்திரைகளை ஆன்லைனில் எழுதித்தர அனுமதி இல்லை. நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

19. சாட்பாட்டிடம் ராத்திரி 2 மணிக்கு மனதைக் கொட்டுபவர்கள் பெருகிவிட்டார்கள். எழுதி ஆறுதல் அடைய அது உதவலாம். உங்கள் குரல் தழுதழுப்பதை அது கவனிக்காது, போனவாரம் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்து வீட்டுக்குப் போன் பண்ணாது. சிகிச்சையை அதன் பொறுப்பில் விடாதீர்கள்.

20. மாதம் ஒருமுறை கணக்குப் பாருங்கள். ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாள் பதற்றத்துக்கு, மொத்தம் 21 மதிப்பெண். பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் மனச்சோர்வுக்கு, மொத்தம் 27. இரண்டிலும் 10ஐ எட்டினாலே கவனிக்க வேண்டிய அளவு. நோய் என்று முடிவுகட்ட இது போதாது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கப் போதும். ஆறு முதல் எட்டு செஷன் முடிந்தும் எண் அசையவில்லை, மனதிலும் மாற்றம் இல்லை என்றால் முறையை மாற்றுவதா, ஆளை மாற்றுவதா என்று தெரபிஸ்ட்டிடமே கேளுங்கள்.

21. உடனே விலக வேண்டிய அறிகுறிகள்: இத்தனை நாளில் குணம் என்று உத்தரவாதம் தருவது, ராத்திரியில் அந்தரங்கமாக மெசேஜ் அனுப்புவது, கடன் கேட்பது, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது, பார்த்தே இராத உங்கள் கணவருக்கு ஒரு நோய்ப் பெயர் சூட்டுவது, பரிகாரம் செய்யச் சொல்வது.

22. பணம் இடித்தால் வழி இருக்கிறது. தில்ஷாத் கார்டனில் உள்ள இஹ்பாஸ் அரசு மனநல மருத்துவமனை. எய்ம்ஸிலும் ராம் மனோகர் லோகியா மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. சஞ்சீவினி என்ற தொண்டு அமைப்பு 1976இலிருந்து தில்லியில் இலவச ஆலோசனை தருகிறது. குருகிராம், நொய்டா கம்பெனிகளில் பல, ஊழியர்களுக்குச் சில செஷன்களை இலவசமாகத் தருகின்றன, பெயர் எச்.ஆருக்குப் போகுமா என்று மட்டும் முதலில் கேளுங்கள். உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்கிறது 2017ஆம் வருட மனநலச் சட்டம். 2021 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கில் அதை உறுதி செய்தது. ஆனாலும் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும், வாராந்தர செஷனுக்குத் தராது. உங்கள் பாலிசியில் புறநோயாளி செலவு சேருமா என்று பாருங்கள்.

23. வீட்டில் யாருக்கும் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல்வதென்றால் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். 'தூக்கம் வரவில்லை, அதற்கு ஒருவரிடம் வாராவாரம் பேசுகிறேன், அந்த ஒரு மணி நேரம் என் அறைக் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்' என்றால் போதும். என்ன நோய் என்ற விளக்கம் வேண்டாம், உதவி கிடைத்தால் சரி.

24. இது எல்லாருக்கும். மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. 24 மணி நேரமும் இலவசம். தமிழ் உட்பட 20 மொழிகளில் சேவை உண்டு. தில்லி எண்ணிலிருந்து கூப்பிடும்போது தமிழ் உடனே கிடைக்காவிட்டால், இந்தியிலோ ஆங்கிலத்திலோ தொடங்கி, தமிழ் பேசுபவர் வேண்டும் என்று கேளுங்கள். சென்னையில் 1986இலிருந்து இயங்கும் சினேகாவின் எண் 044-24640050. அங்கே தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த செஷன் வரை காத்திருக்காதீர்கள். இந்த எண்களில் ஒன்றை அழையுங்கள், பக்கத்தில் ஒருவரை இருத்திக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் நேராக அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இப்போது கஷ்டம் இல்லாதவர்களும் இரண்டு எண்களையும் இன்றே போனில் பதிந்து வையுங்கள். தனியாகத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் தெரிந்தவர்களாக இருந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள்.